சின்ன மீன்பிடிப் படகுக்குத் தானாக வடியும் பிளக்: யாருக்கு உதவும், எப்படிப் பொருத்துவது

கட்டுமரத்தில் போனவர்களுக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை இருந்ததில்லை. மேலே விழுந்த அலை, மரங்களுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியே கீழே போய்விடும். ஃபைபர் படகுகள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் நிறைந்தன. அவற்றோடு, உள்ளே ஏறிய தண்ணீரை வெளியேற்றும் வேலையும் வந்தது. அந்த வேலையைக் குறைக்கத்தான் தானாக வடியும் பிளக் விற்கிறார்கள். ஓடும்போது தண்ணீர் தானே வெளியேறும், நின்றால் தானே அடைத்துக்கொள்ளும் என்பார்கள். சில படகுகளில் அது உண்மைதான். ஆனால் நம் கரையில் ஓடும் படகுகள் பலவற்றில் அது எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. காரணம் பெரும்பாலும் பிளக்கில் இருக்காது. படகின் வேகத்திலும் சுமையிலும் இருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் படகை அளந்து பார்க்க வேண்டும்.

பிளக் எப்படி வேலை செய்கிறது

படகின் பின்பலகையில், அதாவது டிரான்சத்தில், அடிமட்டத்தை ஒட்டி 25 அல்லது 32 மி.மீ. துளை இருக்கும். சாதாரணப் படகில் அதை ரப்பர் பிளக்கோ மரையுள்ள பித்தளை பிளக்கோ அடைத்திருக்கும். தானாக வடியும் வகையில் அந்த இடத்தில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் ஒரு சின்ன நான்-ரிட்டர்ன் வால்வு உட்கார்ந்திருக்கும். வீட்டு மோட்டார் குழாயில் பிளம்பர் போடும் என்ஆர்வி மாதிரிதான். உள்ளே ஒரு ரப்பர் பந்து, அல்லது மேல் விளிம்பில் தொங்கும் ரப்பர் மடல். வெளியே அழுத்தம் கூடினால் பந்து உள்பக்கமாகத் தள்ளப்பட்டு வாயை அடைக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் கூடினால் பந்து விலகி வழிவிடும்.

படகு நிற்கும்போது துளை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, வெளியழுத்தம்தான் அதிகம், வால்வு மூடியிருக்கும். மெதுவாகப் போகும்போதும் கிட்டத்தட்ட அதே நிலைதான். பின்பலகையை ஒட்டித் தண்ணீர் சுழன்றபடி நிற்கும். இழுவிசை மிகக் குறைவு. வேகம் கூடக் கூட, கடல்நீர் பின்பலகையின் கீழ்விளிம்போடு பிரிந்து போகத் தொடங்கும். ஒரு கட்டத்தில் பின்பலகையின் வெளிப்புறம் காற்றில் நிற்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் தன் எடையால் தடையில்லாமல் கொட்டும். பின்பலகை 30 செ.மீ. ஆழம் அமிழ்ந்திருக்கும் படகில் இது ஏறக்குறைய 8 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கி.மீ. அளவில் நடக்கும். சுமை ஏறி 40 செ.மீ. அமிழ்ந்தால் 9 நாட்டுக்கு மேல் வேண்டும்.

வெறும் படகில் காலையில் அழகாக வடித்த பிளக், ஈர வலையும் ஐஸும் மீனுமாகத் திரும்பும்போது ஏன் ஒரு சொட்டும் வடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தண்ணீர் அதிகம் சேர்வது திரும்பும்போது. பிளக் கைவிடுவதும் அப்போதுதான்.

படகின் அடியிலேயே பொருத்தும் இன்னொரு வகை உண்டு. திறந்தால் ஆப்பு மாதிரி கீழே நீட்டிக்கொண்டு, 4, 5 நாட் வேகத்திலேயே தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும். பந்தயப் பாய்மரப் படகுகளுக்காக வந்தது. 1948 முதல் 1960 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டென்மார்க்காரர் பால் எல்வ்ஸ்ட்ரோம் பெயரில் இன்றும் அது அறியப்படுகிறது. மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு இது ஆகவே ஆகாது. முதல் வாரத்திலேயே வளைந்துவிடும், அல்லது பிய்ந்து அடியில் ஓட்டையை விட்டுப்போகும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய அளவு

அலையில்லாத இடம் வேண்டும்: முகத்துவாரம், உப்பங்கழி, துறைமுகத்தின் உட்பகுதி. படகில் திரும்பும்போது இருக்கும் சுமையை ஏற்றுங்கள். ஆட்கள், எஞ்சின், எரிபொருள், நனைத்த வலை, ஐஸ் பெட்டி, மீனுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய கேன்கள். காய்ந்த வலையை வைத்து அளந்தால் கணக்கு பொய்யாகும்.

1. பின்பலகையின் வெளிப்புறத்தில் நீர்மட்டம் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

2. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப்பைத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வெளிக்கோட்டில் பிடித்து, மறுமுனையைப் படகுக்குள் கொண்டுவந்து அதே மட்டத்தை உள்பக்கம் குறியுங்கள். உங்கள் படகின் தரை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

3. அதே சுமையோடு வெளியே ஓட்டி, செல்போன் ஜிபிஎஸ்ஸில் வேகம் பாருங்கள். முழு வேகத்தை அல்ல, வழக்கமாக ஓடும் வேகத்தை. 1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.

4. ஒருவர் பின்னால் குனிந்து, பின்பலகையின் வெளிப்புறம் எந்த வேகத்தில் தண்ணீரைவிட்டு விலகுகிறது என்று கவனிக்கட்டும். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்க வேண்டாம். குனிபவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும்.

தரை, சுமையோடும் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ.யாவது மேலே இருந்தால் உங்களுக்கு இந்தப் பிளக்கே தேவையில்லை. மேல்தளம் மூடிய ஃபைபர் கட்டுமரம் இந்த வகை. பக்கத்துக்கு ஒன்றாக 38 முதல் 50 மி.மீ. வடிதுளை, வெளியே ஒரு ரப்பர் மடல், அவ்வளவு போதும்.

தரை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, சுமையோடும் பின்பலகை விலகுகிற வேகம் வந்தால் பிளக் கடலிலேயே பயன்படும். அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் தொங்கும் எஞ்சின், பூட்டிய இலேசான 18 அடி ஃபைபர் படகுகள் இப்படிப்பட்டவை. இலங்கையின் வடக்கில் தட்டையான பின்பலகையோடு ஓடும் படகுகள் பலவும் இதில் சேரும்.

நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் சுழலும் லாங்டெய்ல் டீசல் எஞ்சினில் 6, 7 நாட் ஓடும் நீளமான, சுமை ஏற்றும் படகு என்றால் கடலில் இது வடிக்காது. இரு முனையும் கூராக இருக்கும் வள்ளத்தில் பின்பலகையே இல்லை. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் மெதுவான படகுக்கு முற்றிலும் வீணா?

இல்லை. விற்பவர்கள் பெரிதாகச் சொல்லாத இரண்டு பயன்கள் உண்டு. எங்கள் கணக்கில் அவைதான் முக்கியமானவை.

ஒன்று, மழை. கரையேற்றி வைத்த படகில், ஐப்பசி கார்த்திகையில் ஒரே இரவில் 100 மி.மீ. பெய்தால், 12 சதுர மீட்டர் வாய் உள்ள படகில் 1,200 லிட்டர் சேரும். ஒன்றேகால் டன் எடை. அடியில் கட்டை சரியாக இல்லாவிட்டால் படகின் உடலே விரிசல் விடும். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, சற்று உயர்த்தி நிறுத்தினால் வடியும் பிளக் இரவெல்லாம் அந்தத் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டு, மறதி. மழைக்காகக் கழற்றிய சாதாரணப் பிளக்கைத் திரும்பப் போடாமல் விடியற்காலை இருட்டில் படகைத் தள்ளுவது அடிக்கடி நடப்பது. நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே உள்ள 25 மி.மீ. திறந்த துளை வழியாக நிமிடத்துக்குச் சுமார் 35 லிட்டர் உள்ளே வரும். கால் மணி நேரத்தில் அரை டன். படகு அமிழ அமிழ ஆழம் கூடி, வரத்தும் கூடும். 32 மி.மீ. துளை என்றால் நிமிடத்துக்கு 57 லிட்டர். வால்வு வைத்த பிளக் இந்த இடத்தில் உயிரைக் காக்கும். யாரும் நினைவில் வைக்காமலே அது மூடிக்கொள்ளும்.

கரையோரம் அலை உடையும் அலைவாயைக் கடக்கும்போது அலை உள்ளே கொட்டினால் மட்டும் இதை நம்பாதீர்கள். 300 லிட்டர் ஏறிவிட்டது என்று வையுங்கள். 25 மி.மீ. துளையில், உள்ளே 10 செ.மீ. தண்ணீர் நின்றால், தடையில்லாமல் வடிந்தாலே நிமிடத்துக்கு 25 லிட்டர்தான். பந்தும் கூண்டும் வழியை மறிப்பதால் பாதி என்று வைப்பதே நல்லது. அப்போது 300 லிட்டர் போக 25 நிமிடம். அதுவும் 8 நாட் வேகத்தில் ஓடினால். தண்ணீர் நிறைந்த படகு அந்த வேகத்தை எட்டாது. ஒரு பக்கமாகச் சாயும் தண்ணீர் படகையும் சாய்க்கும். 10 லிட்டர் வாளியால் இருவர் இறைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும் வேலை அது.

எதைப் பார்த்து வாங்குவது

உடம்பு: ஃபைபர் படகுக்குத் தடித்த நைலான் அல்லது வெண்கலம். மலிவான பித்தளை வேண்டாம். உப்புநீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, உலோகம் இளஞ்சிவப்பு நிறமாகி, தொட்டால் உதிரும். அலுமினியப் படகு என்றால் பித்தளையும் வெண்கலமும் இரண்டுமே கூடாது. சுற்றியுள்ள அலுமினியத்தை அரித்துவிடும். அங்கே நைலான் மட்டும்.

ரப்பர்: நைட்ரைல் என்று கேட்டு வாங்குங்கள். படகின் அடித்தண்ணீரில் டீசலும் எண்ணெயும் கலந்திருக்கும். வேறு சில ரப்பர்கள் அதில் ஊறிப் பருத்து, பந்து கூண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். திறந்த நிலையில் சிக்கினால் படகே போகும்.

உள்மூடி: வால்வுக்கு உள்பக்கம் மரையோடு திருகி மூடும் தனி மூடி இருக்க வேண்டும். அது இல்லாத மாடலை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏனென்று கீழே சொல்கிறோம்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி 15 மி.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால் மணலில் இழுக்கும்போது தப்பிக்கும். பந்தைக் கையால் கழற்றிக் கழுவ முடிகிறதா என்றும் கடையிலேயே செய்து பாருங்கள்.

பொருத்தும் முறை

பழைய துளையின் அளவுக்கே பிளக் கிடைத்தால் பாதி வேலை குறையும். புதிதாகத் துளையிடுகிறீர்கள் என்றால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். பின்பலகையும் அடியும் சேரும் மூலையில் கண்ணாடி இழை மேட் பல அடுக்கு போட்டிருப்பார்கள். அந்த வளைவை வெட்டக் கூடாது. துளையின் கீழ்விளிம்பு உள்தரையிலிருந்து 25 மி.மீ. மேலே இருக்கட்டும். அந்த அளவு தண்ணீர் எப்போதும் மிஞ்சும். ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம். அவுட்போர்டு நடுவில் தொங்கினால் துளையை அதன் காலிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள். நேர் முன்னால் வைத்தால் பிளக் கிளப்பும் குமிழ்கள் புரொப்பல்லருக்குப் போய், எஞ்சின் வெறுமனே சுற்றும், படகு நகராது.

துளையிடும் இடத்துக்குப் பின்னால் மிதவை அறை இல்லை என்று உறுதி செய்யுங்கள். தட்டினால் சத்தம் மாறும். தெர்மோகோலோ ஃபோமோ அடைத்த அறையைத் துளைத்துவிட்டால், கவிழ்ந்தாலும் மிதக்க வைக்கும் பாதுகாப்பையே கெடுத்துவிடுகிறீர்கள்.

பெரும்பாலான ஃபைபர் பின்பலகைகளுக்குள் பிளைவுட் இருக்கும். துளையின் சுவரில் பிளைவுட் திறந்து கிடந்தால் தண்ணீர் ஏறி, இரண்டு மூன்று பருவத்தில் உளுத்துப்போகும். எஞ்சின் தொங்குவதும் அதே பலகையில்தான். ஆகவே நேரடியாக 26 மி.மீ. துளை போட்டுப் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

படகை நன்றாகக் காயவிடுங்கள். வெயிலில் இரண்டு மூன்று நாள். 3 மி.மீ. பிட்டால் வெளியிலிருந்து வழித்துளை. தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருப்பாக, ஈரமாக வந்தால் பலகை ஏற்கெனவே கெட்டிருக்கிறது. பிளக்கை மறந்து பின்பலகையைச் சரிசெய்யுங்கள். வெளிர் நிறமாக உலர்ந்து வந்தால் 38 மி.மீ. ஹோல் சாவால் வெட்டுங்கள். பாதி வெளியிலிருந்தும் மீதி உள்ளிருந்தும் வெட்டினால் விளிம்பு சிதறாது. வெட்டிய சுவரில் முதலில் வெறும் எப்பாக்ஸியைத் தடவி, மரம் குடித்த பிறகு, நறுக்கிய கண்ணாடி இழை கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் துளை முழுவதையும் அடையுங்கள். 24 மணி நேரம் விடுங்கள். பிறகு அதன் நடுவில் பிளக்கின் உடம்புக்கு ஏற்ற துளையைப் போடுங்கள். சுற்றிலும் 6 மி.மீ. எப்பாக்ஸி வளையம் நிற்கும். மரம் எங்கும் வெளியே தெரியாது. திருகுத் துளைகளுக்கும் இதே முறைதான்.

படகுப் பட்டறையில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசினால் செய்யலாமா என்று கேட்பார்கள். மரத்தோடு அதன் பிடிப்பு குறைவு. இந்த வேலைக்கு எப்பாக்ஸிதான். பாலியஸ்டர் கையாள நேர்ந்தால், அதை இறுக வைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சலரேட்டரையும் ஒன்றோடொன்று நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள். வெடிக்கும்.

பிளக்கை உட்கார வைக்க, கடல்நீருக்கான பாலியூரிதேன் சீலண்ட். வினிகர் வாடை வரும் சிலிகான் நீருக்கடியில் நாளடைவில் உரிந்துவிடும். எம்சீல் கடலில் அவசரத்துக்கு, இங்கே அல்ல. விளிம்பின் பின்புறம் தாராளமாகத் தடவி, 316 ரகத் துருப்பிடிக்காத திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சீலண்ட் சுற்றிலும் சமமாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். முழுக்க இறுக்கினால் எல்லாச் சீலண்டும் வெளியேறி, இடையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நாள் காயவிட்டுக் கால் சுற்று இறுக்கினால் போதும். அம்புக்குறி வெளியே பார்க்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். வால்வைத் திருப்பிப் பொருத்துவது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது; அப்படிப் பொருத்தினால் கடலை உள்ளே விடும்.

உள்பக்கம் 3 முதல் 4 மி.மீ. கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலைத்தட்டு ஒன்றை மாட்டுங்கள். செதில், இறால் தலை, நரம்பு வலைத் துண்டு எல்லாம் அங்கேயே நிற்கும். குறுக்குச் சட்டங்களின் அடியில் நீர் ஓடும் துளைகள் அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். முன்பகுதித் தண்ணீர் பின்னால் வராவிட்டால் பிளக்குக்கு வேலையே இல்லை.

கடலுக்குப் போகும் முன் மூன்று சோதனை

கரையில்: அணியத்தை உயர்த்தி, உள்ளே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். உடனே வடியத் தொடங்க வேண்டும்.

நிற்கும் நீரில்: முழுச் சுமையோடு, பிளக்கின் கீழே காய்ந்த நாளிதழை விரித்து அரை மணி நேரம் காத்திருங்கள். தாள் நனைந்தால் பந்தைக் கழற்றி, அது உட்காரும் வாயைத் துடைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் நனைந்தால் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஓட்டத்தில்: 20 லிட்டர் ஊற்றி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, 5 நாட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். மட்டம் இறங்கத் தொடங்கும் வேகத்தைப் பின்பலகையில் பெயிண்டால் எழுதிவையுங்கள். படகில் வரும் எல்லோருக்கும் அது தெரிய வேண்டும்.

எங்கே தவறுகிறது

நம் கரையில் முதல் எதிரி மணல். டிராக்டரிலோ கையாலோ படகை இழுக்கும்போது மணல் வால்வின் வாய்க்குள் ஏறும். பந்துக்கும் வாய்க்கும் நடுவே சில மணிகள் நின்று, மொத்தத்தில் 3 மி.மீ. துளை அளவுக்கு இடைவெளி விட்டால், 20 செ.மீ. ஆழத்தில் மணிக்கு 30 லிட்டர் உள்ளே வரும். நங்கூரம் போட்டு 12 மணி நேரம் விட்டுவிட்டால் 360 லிட்டர். உள்மூடி கட்டாயம் என்று சொன்னது இதற்காகத்தான். வலையை இழுத்து ஏற்றும்போதும், நங்கூரத்தில் நிற்கும்போதும், அலைவாயைக் கடக்கும்போதும் உள்மூடி திருகியிருக்க வேண்டும். வேகமெடுத்த பிறகு திறப்பது, வேகத்தைக் குறைக்கும் முன் மூடுவது. கரையில் ஏற்றி நிறுத்தியதும் திறந்துவிட்டால் மழைநீர் போகும். தள்ளும்போது மூட மறந்தால் அப்போது வால்வு காக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும் மற்றொன்று நிற்கிற மாதிரி வைத்துக்கொள்வதுதான் முறை. தள்ளுவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டால் மணல் தொல்லை பெருமளவு குறையும்.

ஓடிக்கொண்டிருக்கும் படகை திடீரென்று நிறுத்தினால், அது பின்னால் கிளப்பிய அலை ஓடிவந்து பின்பலகையில் மோதும். வால்வு மூடுவதற்குள் சில லிட்டர் புகுந்துவிடும். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

ரப்பர் பந்தையோ மடலையோ வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு மாற்றுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் நின்றாலோ, விரிசல் தெரிந்தாலோ அதற்கு முன்பே. ஒரு உதிரிப் பந்து எப்போதும் படகில் இருக்கட்டும்.

மெதுவான படகுக்காரர்கள் கடலில் வடிப்பதற்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்பில் போடுவது நல்லது. 500 ஜிபிஎச் (மணிக்கு 500 கேலன்) என்று பெட்டியில் போட்டிருப்பது நிமிடத்துக்கு 31 லிட்டர். அது உயரமே இல்லாமல் அளந்த கணக்கு. ஒரு மீட்டர் ஏற்றினால் கணிசமாகக் குறையும். ஆனால் நின்றாலும் ஓடினாலும் இறைக்கும். அதன் குழாய் வெளியேறும் துளை நீர்மட்டத்துக்கு 20 செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும்.

எந்தப் பிளக் போட்டாலும், கயிறு கட்டிய இரண்டு வாளிகளும், துணி சுற்றிய கூம்பு மரத்தக்கை ஒன்றும் படகில் இருக்கட்டும். தக்கையைத் துளைக்கு அருகிலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் இருட்டில் அதைத் தேட முடியாது.